லோலோலிக்கா என்றொரு லைப்ரரி

"வயசு இருபத்திரண்டு. ஆம்பளை. இன்ஜினியரிங் படிக்கிறான். கண்ணாடி போட்டிருப்பான்" என்றேன்.

எதிரே உட்கார்ந்திருந்த லிபி என்ற பெண் அசந்துபோய் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். பதினெட்டு வருடங்களில் மூன்று முறை கிடைத்திருக்கிறது.

"எங்ஙன சார் இத்தனை சீக்கிரம் கண்டுபிடிச்சீங்க?"

"அவன் தனக்கு வெச்சிருக்கிற பேரே இருபத்திரண்டு. வயசைத்தான் பேரா வெச்சிருக்கான். பின்னே வேற என்ன?"

பக்கத்து மேசையில் டைப் அடித்துக்கொண்டிருந்த என் உதவியாளர் கிருஷ்ணவேணி தலையைத் தூக்காமலே சொன்னாள். "நம்ம ஆபீஸ் கதவு நம்பர்கூட இருபத்திரண்டுதான் சார். அதுக்கும் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டட்டா?"

என் பெயர் சொரிமுத்து. போர்டில் 'எஸ். முத்து, துப்பறியும் நிபுணர்' என்று இருக்கும். திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே யாராவது அண்டாவைத் தட்டிப் பார்த்து வாங்கினால், மேலே பரம ரகசியம் பேசுபவர்கள் பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். வருகிற வழக்குகளில் முக்கால்வாசி கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்பே நிச்சயமானதா, இப்படி. அதனால் அன்று காலை பத்து மணிக்கு லிபி வந்து கம்ப்யூட்டர் வழக்கு என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வேணி கவலையோடு என்னைப் பார்த்தாள்.

லிபிக்கு முப்பது வயதிருக்கும். பகலில் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலை. மீதி நேரமெல்லாம் 'வண்டி வருமோ' என்ற இலவச மென்பொருளுக்கு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் எந்த பஸ் எத்தனை மணிக்கு எங்கே வரும் என்று மலையாளத்திலும் தமிழிலும் போனில் காட்டுகிற சமாசாரம்.

"இது ஓப்பன் சோர்ஸ் சார். உள்ளே எழுதியிருக்கறதை யாரு வேணும்னாலும் பாக்கலாம். தப்பு இருந்தா திருத்தி அனுப்பலாம். நாங்க நோக்கிட்டு, நல்லதுன்னா சேத்துப்போம். சம்பளம் ஒண்ணும் கிடையாது."

"சம்பளம் இல்லாம வேலை செய்ய ஆள் இருக்கா?" என்றேன்.

"இருக்காங்களே சார்" என்றாள் வேணி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி. "ரெண்டு மாசமா."

நான் இருமினேன். லிபி தொடர்ந்தார்.

ஒவ்வொரு வருடமும் வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று, இந்த மாதிரித் திட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாணவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். மூன்று மாதம் உதவித்தொகையோடு வேலை, முடிவில் சான்றிதழ். அதை வைத்து வேலைக்குப் போனவர்கள் நிறைய. விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி.

எட்டு மாதமாக 'இருபத்திரண்டு' என்ற பெயரில் ஒருவர் அறுபத்தொரு திருத்தங்கள் அனுப்பியிருந்தார். எல்லாம் மலைப்பக்கத்துப் பேருந்துகள் பற்றியவை. முகம் காட்டியதில்லை, சொந்தப் பெயர் சொன்னதில்லை. பத்து நாளைக்கு முன்னால் ஒரு குறிப்பு வந்தது. 'இதுதான் என் கடைசித் திருத்தம். இனி வரமாட்டேன். இதுவரை சேர்த்துக்கொண்டதற்கு நன்றி.'

"அஞ்சு மெயில் அனுப்பினேன். பதிலில்ல. இந்த எடம் அவருக்குத்தான்னு நாங்க மனசுல வெச்சிருந்தோம் சார். நேத்து பிரவின்ராஜ்னு ஒரு பையன் அப்ளை செஞ்சான். நான்தான் இருபத்திரண்டுன்னு எழுதியிருக்கான். பாஸ்வேர்டு மறந்துபோச்சாம், அதனால அந்தப் பேர்ல உள்ளே வர முடியலையாம். நேரா இருந்தா சந்தோஷம். பொய்யா இருந்தா, நெஜ ஆளோட எடத்தை எடுத்து வேற ஒருத்தன் கையில கொடுத்த பாவம் எனக்கு."

"வயசு?"

"இருபத்திரண்டு."

நான் வேணியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

பதினொரு மணிக்கு, பிரவின்ராஜ் படிக்கும் பொறியியல் கல்லூரியின் கேன்டீனில் அவனைப் பிடித்தோம். கண்ணாடி போட்டிருந்தான். எனக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது. நல்ல பையனாகத் தெரிந்தான். மஸ்கட்டில் பிறந்து வளர்ந்து, படிக்க மட்டும் இங்கே வந்தவன். கேட்டதற்கெல்லாம் படபடவென்று பதில் சொன்னான். பாதி எனக்குப் புரியவில்லை. புரியாததெல்லாம் உண்மை என்றுதான் நான் நினைப்பது வழக்கம்.

"வழக்கு முடிஞ்சது" என்று வேணியின் காதில் சொன்னேன்.

வேணியின் கையில் லிபி கொடுத்த காகிதக் கட்டு இருந்தது, இருபத்திரண்டின் அறுபத்தொரு திருத்தங்களும் அச்சிட்டது. அவள் அதில் ஒரு பக்கத்தைப் புரட்டினாள்.

"தம்பி, ஒரு சந்தேகம். இந்த லோலோலிக்கான்னு இருபது எடத்துல எழுதியிருக்கே, அது எந்தா?"

பிரவின்ராஜ் ஒரு கணம்தான் தயங்கினான். "அது ஒரு லைப்ரரி சேச்சி. ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. ஓப்பன் சோர்ஸ்தான். கொஞ்சம் பழசு."

நான் நோட்டை எடுத்து, 'லோலோலிக்கா – லைப்ரரி – பழசு' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

வேணி என் நோட்டை மெல்ல மூடினாள். "சார், லோலோலிக்கான்னா காய். செவப்பா, உருண்டையா, வாயில வெச்சா கண்ணு தானா மூடும். காந்தாரி மொளகா கீறிப்போட்டு உப்புத்தண்ணியில ஊறவெச்சு, கண்ணாடி பரணியில, அதான் ஜாடியில, அடுக்கி வெச்சு விப்பாங்க. எழுதின ஆளு, புரோகிராம் ஒழுங்கா ஓடுதான்னு சோதிச்சுப் பாக்க சும்மா மூணு பஸ் உண்டாக்கியிருக்கு. அதுகளுக்கு லோலோலிக்கா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பேரு. எழுதினவனுக்குக் காயைத் தெரியாம இருக்குமா தம்பி?"

பிரவின்ராஜின் முகம் லோலோலிக்கா நிறத்துக்கு வந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"சாரி சார். நானும் சொந்தமா ஒரு அப்ளிகேஷன் எழுதி வெச்சிருக்கேன். ஆனா மூணே மூணு திருத்தம்தான் அனுப்பியிருக்கேன். அதை வெச்சு யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாங்கன்னு தோணிச்சு. அந்த ஆள்தான் வரமாட்டேன்னுட்டாரே, பேரு சும்மாதானே கிடக்குன்னு..."

"பேரு சும்மா கிடந்தா எடுத்து மாட்டிக்கிறதா?" என்று அதட்டினேன். 'எஸ். முத்து' என்ற என் போர்டு கண்முன்னே வந்து போனதால் அதட்டல் அவ்வளவு உரக்க வரவில்லை.

அவன் அங்கேயே போனை எடுத்து லிபிக்கு மன்னிப்பு எழுதி, அந்த வரியை நீக்கிவிட்டு, மூன்றே மூன்று திருத்தங்களோடு தன் சொந்த விண்ணப்பத்தை அனுப்பினான். எனக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் மணி பன்னிரண்டாகிவிட்டது. வெளியே ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம்.

"உப்பிலிட்ட காய் விக்கிற கடையோட சம்பந்தப்பட்ட ஆளு. அதுவரைக்கும் சரி" என்றாள் வேணி. "ஆனா சங்குமுகத்துலேர்ந்து மலை வரைக்கும் ஆயிரம் கடை உண்டு சார்."

நான் காகிதக் கட்டை வாங்கித் தேதிகளைப் பார்த்தேன். அறுபத்தொரு திருத்தங்களும் பதினேழே நாட்களில் அனுப்பப்பட்டிருந்தன. ஒரு நாளில் ஆறு ஏழு வரும். பிறகு இரண்டு வாரம் ஒன்றுமே இருக்காது. நேரம் எல்லாமே காலை பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும் நடுவில். காலேஜ் விடுமுறையா? இல்லை. ஞாயிறா? இல்லை.

அக்டோபர் பதினாலு என்ற தேதியில் என் விரல் நின்றது.

நான் ஜெயித்த நாட்கள் எனக்கு நினைவில் இருப்பதில்லை, அவ்வளவு குறைவு. தோற்ற நாட்கள் மறப்பதே இல்லை. அக்டோபர் பதினாலு அன்று ஒரு மாப்பிள்ளையைப் பின்தொடர்ந்து பொன்முடி மலைக்குப் போனேன். மழையில் மண் சரிந்து, அடிவாரத்தில் கல்லாற்றில் வனத்துறை செக்போஸ்டை அடைத்துவிட்டார்கள். திரும்ப பஸ் இல்லை. கடைசியில் அந்த மாப்பிள்ளையே தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டு வந்து தம்பானூரில் இறக்கிவிட்டார். இறங்கும்போது, "விசாரணையில என்னைப் பத்தி நல்லதா எழுதுங்க சார்" என்றார்.

"வேணி, பொன்முடி ரோடு அடைச்ச நாளெல்லாம் போன்ல தேடிப் பார்."

அவள் ஒவ்வொரு தேதியாகத் தேடினாள். நவம்பர் மூன்று, அடைப்பு. நாலு, அடைப்பு. டிசம்பர் ஒன்று, மரம் விழுந்து அடைப்பு. பதினேழு நாட்களில் பதினாறு ஒத்துப்போயின. பதினேழாவது ஹர்த்தால்.

"சார்" என்றாள் வேணி. குரலில் ஒரு மரியாதை. இந்த வருடத்தில் முதல் தடவை. "மேல டூரிஸ்ட் போகாத நாள்ல, கடையில கச்சவடம், யாவாரம் இருக்காது. கச்சவடம் இல்லாத நாள்ல இவங்க உக்காந்து எழுதுறாங்க. கல்லாறு!"

கல்லாறு போக பஸ் எப்போது என்று 'வண்டி வருமோ'வில் பார்த்தோம். நாலு மணிக்குத்தான். வேணியின் ஸ்கூட்டரில் கிளம்பினோம்.

நெடுமங்காடு தாண்டி, வித்துரா சந்தைக் கூட்டத்தில் ஊர்ந்து, இரண்டேகால் மணிக்குக் கல்லாறு பாலத்தில் இறங்கியபோது என் இடுப்பு என்னோடு வந்து சேரவில்லை. அன்று ரோடு திறந்திருந்தது. கார்களும் பைக்குகளுமாக நல்ல கூட்டம். செக்போஸ்டுக்குச் சற்று முன்னால் சாலையோரம் ஒரு பலகை.

"சார்" என்று வேணி அதைக் காட்டினாள். "உங்க இருபத்திரண்டு வயசுப் பையன் அதோ நிக்கான். கண்ணாடி மட்டும் இல்ல."

'இனி 22 கொண்டை ஊசி வளைவுகள்' என்றிருந்தது பலகையில்.

நான் கழுத்தைச் சொறிந்துகொண்டேன். வேறென்ன செய்ய?

பாலத்தை ஒட்டி ஒன்பது கடைகள். ஒன்பதிலும் பரணிகள், ஒன்பதிலும் லோலோலிக்கா. ஒவ்வொரு கடையிலும் போனும் கையுமாக ஒருவராவது இருந்தார். நேரே போய்க் கேட்டோம். நாலாவது கடைக்காரர் எங்களை ஃபுட் இன்ஸ்பெக்டர் என்று நினைத்துப் பரணிகளை உள்ளே எடுத்து வைத்தார். கடைசிக் கடையைத் தவிர மற்றவர்களும் அவரைப் பார்த்து ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். மணி மூன்றே கால்.

"கேட்டா சொல்லமாட்டாங்க. முகத்தைக் காட்டக்கூடாதுன்னு முடிவு செஞ்ச ஆளு. அவங்களாவே வெளியே வரணும்" என்றேன்.

"எப்படி?"

நான் ஆற்றைப் பார்த்தேன். ஊர்ப்பெயரைத் திரும்பத் திரும்ப மனதில் சொல்லிப் பார்த்தேன். என் வாழ்நாளின் ஒரே நல்ல யோசனை அப்போதுதான் வந்தது. லிபிக்குப் போன் போட்டேன்.

"உங்க தமிழ்ப் பக்கத்துல கல்லாறுன்னு இருக்குல்ல, அதைக் கல்லறைன்னு மாத்துங்க."

"சார்! அது ஸெமித்தேரியல்லே?"

"அதேதான். 'வித்துரா – கல்லறை, அடுத்த வண்டி நாலு மணிக்கு.' பத்து நிமிஷம் போதும். இந்த ஊர்ல இருந்துகிட்டு, எட்டு மாசமா இந்தப் பக்கத்தைத் துடைச்சுத் துடைச்சு வெச்ச ஆளுக்கு அதைப் பாத்தா கை சும்மா இருக்காது."

லிபி சிரித்துவிட்டு மாற்றினார். இருபத்திரண்டு செய்த வேலையில் யார் கைவைத்தாலும் அந்த இருபத்திரண்டின் போனுக்கே தகவல் போகுமாம். திருத்தம் வந்த உடனே எனக்குச் சொல்வதாகச் சொல்லி லைனிலேயே இருந்தார்.

நானும் வேணியும் கடைசிக் கடையில் போய் உட்கார்ந்தோம். அங்கிருந்து பார்த்தால் ஒன்பது கடைகளும் தெரியும். அதன் ஷட்டர் மட்டும்தான் முழுதாகத் திறந்திருந்தது.

"அம்மா, ரெண்டு சாயா" என்றேன்.

"தாறேன்" என்று பரணிகளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

கடையின் மூலையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கல்லூரி வயது. விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. நான் வேணியின் காலை மிதித்தேன். வேணி என் காலைத் திருப்பி மிதித்தாள். நிமிடங்கள் போயின.

"அம்மா, சாயா என்னாச்சு? எவ்வளவு நேரம்?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஒரு நிமிசம் இருங்க."

காதில் லிபி கத்தினார். "சார்! வந்தாச்சு! திருத்தம் வந்தாச்சு! கூட ஒரு குறிப்பு: 'ஊர் இன்னும் சாகவில்லை. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது.'"

அந்தப் பெண் அதே நொடியில் லேப்டாப்பை மூடினாள். நான் எழுந்தேன். பதினெட்டு வருடமாகக் கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்த மாதிரி விரலை நீட்டினேன்.

"நீதானேம்மா இருபத்திரண்டு?"

"பத்தொம்பது" என்றாள் அவள். "ஏன் சார்?"

"வயசைக் கேக்கலை. பஸ் புரோகிராம். திருத்தினது நீதானே?"

"ஐயோ, நான் பி.காம். இதுல சினிமா பாத்துகிட்டே தோழிக்கு மெசேஜ் அடிச்சுகிட்டிருந்தேன். லேப்டாப் அம்மாவோடது."

அப்போதுதான் என் முன்னால் இரண்டு சாயா வந்தன. கொண்டுவந்து வைத்த கை ஈரமாக இருந்தது. மறு கையில் இருந்த போனில் எங்களுக்குத் தெரிந்த பக்கம் திறந்திருந்தது. 'வித்துரா – கல்லாறு.'

"சாயா தாமசிச்சதுக்கு மன்னிக்கணும்" என்றார் அந்த அம்மாள். "எவனோ ஊரைக் கல்லறையாக்கி வெச்சிருந்தான். அதை அப்படியே விட்டுட்டுப் பாலைக் கொதிக்க வைக்க மனசு வரலை."

அவர் பெயர் உலகம்மை. நாற்பத்து மூன்று வயது. புளியங்குடியில் பிறந்து, கல்யாணமாகிக் கல்லாறு வந்தவர். கணவர் தங்கபாண்டிக்கு விழிஞ்ஞத்தில் துறைமுகக் கட்டுமான வேலை. வாரம் ஒரு முறை வருவார். மகள் கலைச்செல்வி.

நான் உட்கார்ந்தேன். உட்காரும்போது நீட்டிய விரலை மடக்க மறந்துவிட்டேன். வேணிதான் மடக்கிவிட்டாள்.

"எங்க படிச்சீங்கம்மா?" என்று அவள் கேட்டாள்.

"பஸ் வராத எடத்துலதான். எங்க ரோட்டு பஸ், மழை பெய்ஞ்சா வித்துராவோட திரும்பிரும். இந்த 'வண்டி வருமோ' போன்ல கல்லாறு வருதுன்னே காட்டும். இவ காலேஜ் விட்டு வந்து வித்துராவுல ரெண்டு மணிக்கூறு நிப்பா. தப்புன்னு எழுதிப் போட்டேன். இது ஓப்பன் சோர்ஸ், நீங்களே திருத்தலாம்னு பதில் வந்துது. திருத்தலாம்னா எப்படின்னு பாக்க ஆரம்பிச்சேன். பெறவு திறந்தவெளிப் பல்கலைக்கழகத்துல சேந்தேன். பி.சி.ஏ. ரெண்டாம் வருசம்."

சர்க்கரை டப்பாவுக்கு அடியிலிருந்து மாணவர் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். புகைப்படத்தில் சிரிக்காமல் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நீங்க அப்ளை செய்யலாமே! ஏன் செய்யலை?"

"போன வருசம் என் சொந்தப் பேர்ல செஞ்சேன்." போனில் ஒரு கடிதத்தைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினார். "வாசிங்க."

லிபி இன்னும் லைனில் இருப்பதை மறந்து நான் உரக்க வாசித்தேன். "'அன்புள்ள அம்மா, இது மாணவர்களுக்கான வாய்ப்பு. உங்கள் வீட்டில் படிக்கிற மகனோ மகளோ இருந்தால் அவர்களை விண்ணப்பிக்கச் சொல்லவும். வாழ்த்துகள்.'"

"அதுக்குப் பெறகுதான் பேரை மாத்தினேன். வேலையை மட்டும் பாக்கட்டும், ஆளைப் பாக்க வேண்டாம்னு. இந்த வருசமும் ஃபாரத்தை மூணு தடவை தொறந்தேன். வயசு கேக்க எடத்துல கை நின்னுபோச்சு. சரி, போதும்னு நிறுத்திட்டேன்."

என் போனில் லிபியின் சத்தமே இல்லை. கட்டாகிவிட்டதோ என்று ஸ்பீக்கரை அழுத்தினேன்.

"சேச்சி" என்றது லிபியின் குரல். "ஆ கடிதம் எழுதினது நானாணு."

உலகம்மை அடுப்பைத் தணித்துவிட்டு வந்து போன் பக்கத்தில் நின்றார்.

"அப்ளிகேஷனை நான் முழுசா வாசிக்கல. வயசு பாத்தேன், மூடிட்டேன். ஒரு நாள்ல நாப்பது பேருக்குப் பதில் எழுதின கூட்டத்துல எழுதினேன். மன்னிக்கணும்னு சொல்ல எனக்கு வாய் வரல."

எங்கள் வாடிக்கையாளரே குற்றவாளியாக அமைவது துப்பறியும் தொழிலில் பெரிய விஷயம். எனக்கோ அந்த நேரம் சாயாவை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. காலையில் இருபத்திரண்டு வயது, ஆம்பளை, கண்ணாடி என்று வரிசையாகச் சொன்னவன் நான். அந்தக் கடிதத்தை நான் எழுதியிருந்தால் இன்னும் மோசமாக எழுதியிருப்பேன்.

உலகம்மை கேட்டார். "வாசிச்சிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பியளா?"

"ஒருக்காலும் இல்ல சேச்சி."

"பின்னே அந்த வயசுக் கட்டம் எதுக்கு இருக்கு?"

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "இப்போ ஃபாரத்தைத் திறந்து நோக்குங்க" என்றார்.

கட்டம் போயிருந்தது. பெயர், படிப்பு, வேலைத் திட்டம், ஏன் இந்த வேலை. அவ்வளவுதான்.

மணி நாலு பத்து. வேலைத் திட்டம் பதினோரு பக்கம் உலகம்மை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார், அனுப்பப் போவதில்லை என்று முடிவு செய்த பிறகும் அழிக்காமல். கடைசிக் கேள்விக்கு வந்தபோது மணி நாலரை. அப்போது வானம் உடைந்தது. மழை வந்ததும் கரண்ட் போனது. கரண்ட் போனதும் டவர் போனது. லிபியின் குரலும் போனது. செக்போஸ்டை அடைத்தார்கள். மேலே போக இருந்த டூரிஸ்டுகள் இருபது பேர் ஓடிவந்து கடைக்குள் புகுந்தார்கள்.

"மூணாவது வளைவுல வித்துரா டவர் கிடைக்கும்" என்றார் உலகம்மை. போனைப் பாலிதீன் கவரில் சுற்றி இடுப்பில் செருகினார்.

ஸ்கூட்டரில் இரண்டு பேர்தான் போகலாம். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

செக்போஸ்டில் நின்ற வனத்துறைக் காவலர் பிஜு முதலில் கையைக் காட்டி மறித்தார். பிறகு பின்னால் இருப்பது யாரென்று பார்த்துவிட்டுத் தடுப்பைத் தூக்கினார். "மூணாம் வளைவு வரைக்கும் மட்டும் போகலாம் சேச்சி. சூக்ஷிச்சு, பாத்துப் போங்க!" வேணியும் உலகம்மையும் மழைக்குள் மறைந்தார்கள். மணி நாலு நாற்பத்தைந்து.

வழக்கின் உச்சக்கட்டம் நடந்தபோது துப்பறியும் நிபுணர் எஸ். முத்து, கல்லாறு பாலத்தோரம் சாயா ஆற்றிக்கொண்டிருந்தார். கலைச்செல்வி பால் காய்ச்சினாள். நான் கிளாஸ் கழுவினேன். ஒருவர் லோலோலிக்கா கேட்டார். பரணியைத் திறந்தேன். காந்தாரி விரலில் பட்டு, அந்த விரல் கண்ணில் பட்டது. அதன் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

ஐந்து மணி ஆனது. ஐந்தே கால் ஆனது. கலைச்செல்வி வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். "அம்மா போன வருசம் அந்தக் கடிதம் வந்த அன்னிக்கு ஒண்ணும் சொல்லலை சார். கடையை மட்டும் ஒரு மணிக்கூறு முன்னாடி அடைச்சாங்க. எனக்குக் கடிதத்தையே காட்டலை" என்றாள். நான் ஒரு கண்ணால் அவளைப் பார்த்துத் தலையாட்டினேன்.

ஐந்தரைக்கு ஸ்கூட்டர் வந்தது. இருவரும் தலை முதல் கால் வரை நனைந்திருந்தார்கள். வேணி வழக்கமாக முதல் வார்த்தையிலேயே கிண்டல் செய்பவள், ஒன்றும் சொல்லவில்லை.

"என்னாச்சு வேணி?"

"நாலு அம்பத்தெட்டு" என்றாள். "போச்சு சார். அனுப்பியாச்சு."

உலகம்மை பாலிதீன் கவரைப் பிரித்துப் போனை மகளிடம் கொடுத்தார். "பதில் ஒண்ணு வந்திருக்கு. மெசின் அனுப்பினதுதான். எல்லாருக்கும் அதேதான் வரும். இருந்தாலும் நீ ஒரு தடவை சத்தமா வாசி."

கலைச்செல்வி வாசித்தாள். "'அன்புள்ள மாணவருக்கு, உங்கள் விண்ணப்பம் கிடைத்தது.'"

"முதல் வரியை மட்டும் இன்னொரு தடவை."

"'அன்புள்ள மாணவருக்கு.'"

உலகம்மை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத்தண்ணீர்தான் என்று நான் என் அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

திரும்பும் வழியில் நெடுமங்காடு வந்ததும் வேணி, "அக்டோபர் பதினாலை நீங்க ஞாபகம் வெச்சதுனாலதான் சார் கிடைச்சது" என்றாள். நான் அதை ரசித்து முடிப்பதற்குள், "இனிமே அடிக்கடி தோத்துப்போங்க. தொழிலுக்கு நல்லது" என்றாள்.

நாலு வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. உலகம்மைக்குத்தான் இடம். பிரவின்ராஜுக்குக் கிடைக்கவில்லை, ஆனால் அவன் நாலாவது திருத்தம் அனுப்பினான், சொந்தப் பெயரில். அதைப் பரிசோதித்து, இரண்டு பிழை சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பியது உலகம்மை என்று லிபி சொன்னார்.

முடிவை மெயிலில் சொல்ல லிபிக்கு மனம் வரவில்லை. நேரிலேயே போகிறேன் என்று எங்களையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் கிளம்பினார். அன்று ஞாயிற்றுக்கிழமை. பொன்முடி ரோடு திறந்திருந்தது. கல்லாற்றில் இறங்கியபோது கடை முன்னால் முப்பது பேர் நின்றார்கள். லிபி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், கண் கலங்க, "சேச்சி, நான் லிபி!" என்றார்.

உலகம்மை நிமிர்ந்து அவரை ஒரு நிமிடம் பார்த்தார். புகைப்படத்தில் சிரிக்காத முகம் சிரித்தது.

"வந்தியளா! சந்தோசம்" என்றார். "வரிசையில நில்லு மோளே. இவிய எல்லாம் ஒனக்கு முன்னாடி வந்தவிய."

லிபி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முப்பத்தோராவது ஆளாகப் போய் நின்றார்.